எச்சில் பட்ட கல்

கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் நின்றிருந்தது.

வேறு எந்த அறையாக இருந்தாலும் அவள் புறங்கையால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இங்கே துடைக்க முடியாது. துளி உள்ளே இருந்தது. அந்தப் பெட்டிக்குள் நாம் மூச்சுவிடும் காற்றுகூடக் கிடையாது. ஈரம் கொஞ்சமும் இல்லாமல் உலரவைத்த நைட்ரஜன் மட்டும் ஒரு குழாயில் நுழைந்து இன்னொரு குழாயில் வெளியேறிக்கொண்டே இருக்கும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. பம்பின் முனகல், தடித்த ரப்பர் வைத்த கதவு, விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத இருட்டு. பெட்டியின் நடுவில், தட்டின் மேல், ஒன்றரைக் கைப்பிடி அளவில் அந்தக் கல். யாரோ அடுப்பில் மறந்துவிட்டுப் போன கரிக்கட்டை மாதிரி.

அவள் ஈரமானியைப் பார்த்தாள். முள் அடிமட்டத்தில் படுத்திருந்தது. ஈரமே இல்லை என்றது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். துளி இருந்தது. பெட்டியின் முன் ஒருவர் குனிந்து நின்றால் வாய் வரும் உயரத்தில்.

வானத்திலிருந்து விழும் கற்களுக்கு வகை சொல்வதுதான் அவள் வேலை. "கல்லுக்குப் பேர் வைக்கிறவ" என்று கணவன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். பேர் என்றால் ஒரு எழுத்து, ஒரு எண். எழுத்து, கல் எந்தக் குடும்பம் என்று சொல்லும். எண், தண்ணீர் அதை எவ்வளவு தின்றிருக்கிறது என்று சொல்லும். இது கரி நிறைந்த குடும்பம். நறுக்கிப் பார்த்தால் கரிய களிமண்; அந்தக் களிமண்ணுக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் தண்ணீர்; தார் போன்ற பிசுக்கு; இரும்பு, கந்தகம்; இவற்றுக்கு நடுவே, விண்வெளியில் உருகி உருண்டு உறைந்துபோன, கடுகைவிடச் சிறிய மணிகள். சூரியன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் இந்தக் கல்லின் தாய்ப்பாறைக்குள் பனி உருகி, ஊறி, மணிகளைக் கரைத்துக் களிமண்ணாக்க ஆரம்பித்தது. பிறகு குளிர்ந்து நின்றுவிட்டது. எண் மூன்று என்றால் தண்ணீர் ஏறக்குறைய தொடவே இல்லை, மணிகள் முழுசாக இருக்கும். இரண்டு என்றால் அரைகுறையாகத் தின்றிருக்கிறது. ஒன்று என்றால் மணியே இல்லை, எல்லாம் களிமண்.

அவள் இரண்டு என்று சொல்லியிருந்தாள். அதை முடிவு செய்த விதம்தான் யாரிடமும் சொல்ல முடியாததாக இருந்தது.

படிக்கிற காலத்தில் மலைமலையாக ஏறி இறங்கியபோது எல்லோரும் செய்கிற காரியம் அது. களிமண் இருக்கிற பாறை நாக்கில் ஒட்டும், இல்லாதது ஒட்டாது. கையில் கருவி இல்லாத இடத்தில் நாக்கை நீட்டி ஒரு தொடு. வாத்தியார்களும் செய்வார்கள். பல வருஷமாக அவள் அதை மறந்துவிட்டிருந்தாள். ஆனால் ஒரு மதியம் கல்லின் ஒரு துண்டு, அறுப்பதற்காகப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, தூசி புகாத மேஜையில் மெல்லிய அலுமினியத் தாள் போர்த்திக் கிடந்தது. அறுக்கிறவன் சாப்பிடப் போயிருந்தான். ஒன்றா இரண்டா என்று அவள் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். தாளை விலக்கினாள். முகமூடியைக் கீழே இழுத்தாள். குனிந்தாள்.

ஒட்டியது.

களிமண் ஒட்டினால் நாக்கை எடுத்தவுடன் விட்டுவிடும். இது விடவில்லை. ஒரு கணம் அது அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்துத்தான் எடுத்தாள், நுனித்தோல் லேசாக உரிந்தது. உப்பு, அப்புறம் தார், அப்புறம் ருசி என்று சொல்ல முடியாத ஒன்று, பின்னாலிருந்து யாரோ கூர்ந்து பார்ப்பதுபோல. அவள் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. தாளைப் பழையபடி போர்த்தினாள். காது மடல் எரிந்தது.

இந்த வாரத் தொடக்கத்தில் பெரியவர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிறுவனத்தின் தலைவர், அவரை யாரும் பேர் சொல்வதில்லை. கையிலிருந்த பரிசோதனை முடிவை மேஜைமேல் போட்டார்.

"அமினோ அமிலம் நம்ம கை மாதிரி, இடது ஒண்ணு வலது ஒண்ணு. வானத்துக் கல்லுல ரெண்டும் கிட்டத்தட்ட சரிபாதி இருக்கணும். உயிருள்ள உடம்புல இடது மட்டும்தான். இந்தத் துண்டுல பூரா இடது. போதாததுக்கு எச்சில்ல இருக்கிற என்சைமும் இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "இது வானத்துல இருந்து வந்ததில்ல. வாயில இருந்து வந்தது. யாரு எச்சில் பண்ணினது?"

அறையில் ஒரு கனைப்பு. ஸ்டோர்க்காரர்தான் ஆரம்பித்தார். "நம்ம ரம்பம் பாடிக்கிட்டேதானே சார் அறுப்பான். சாரல் அடிச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரம்பம் என்பது கல் அறுப்பவனின் பட்டப்பெயர். பாதி தொழிலால் வந்தது, மீதி அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்பதால். அவனும் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று புரிந்து நிறுத்தினான்.

அவளும் சிரித்தாள். அதுதான் இத்தனை நாளும் அவளைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். சிரித்தாள்.

யாருடைய எச்சில் என்று கண்டுபிடிக்க இன்னும் கொஞ்சம் கல்லைக் கரைக்க வேண்டும். பெரியவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செய்தவர் தானாக வந்து சொன்னால் மன்னிப்பு, இல்லாவிட்டால், துண்டுக்குப் பொறுப்பான ரம்பம் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான் என்றார். தப்பைச் சொன்னால் மன்னிப்பு. அவ்வளவு சுலபம். திருடினேன் என்று சொல்லலாம். பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்லிவிடலாம். நக்கினேன் என்று எப்படிச் சொல்வது?

இன்று வெள்ளிக்கிழமை.

தாகம் எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் இரவில் வாய் உலர்ந்தது. பிறகு பகலிலும். குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தொண்டையைத் தாண்டிப் போவது தெரியும், ஆனால் நாக்கு நனையாது. நேற்று சமையலறையில் குழாயடியில் நின்றபடியே சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தபோது கணவன் வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, தொட்டி மாதிரி நிரப்பிக்கிட்டே இருக்க? எங்கயாவது ஓட்டை விழுந்திருக்கப் போகுது, பாரு."

"வெயில்ங்க."

"வெயிலா? உன் ஆபீஸ் பாதாளத்துல இருக்கு. அங்க எங்க வெயில்?" அருகில் வந்து அவள் கன்னத்தைத் தொட்டான். சிரிப்பு நின்றது. "ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு? சுவத்தத் தடவுற மாதிரி. டாக்டர்கிட்ட போலாம் வா."

"திங்கட்கிழமை போலாம்."

கன்னத்திலிருந்து எடுத்த விரல்களை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். தெரியாமல் செய்ததுதான். அவள் பார்த்துவிட்டாள்.

இப்போது பெட்டியின் முன் நின்று, அதன் சுவரில் பொருத்தியிருந்த நீண்ட ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை விட்டாள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே வேலை செய்ய அதுதான் வழி. எப்போதும் சில்லென்று, கொஞ்சம் பவுடர் மணத்தோடு இருக்கும். இன்று உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுமுன் யாரோ கையை எடுத்துவிட்டுப் போனதுபோல, விரல் நுனிகளில் அந்த வெதுவெதுப்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை. கையை நீட்டிக் கல்லை லேசாக அழுத்தினாள்.

கல் கொஞ்சம் உள்ளே அமுங்கி, திரும்பி வந்தது.

கையை உருவிக்கொண்டபோது கையுறை பின்னாலேயே வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் அப்படித்தான் வரும். எப்போதும் அப்படித்தான். காலியான விரல்கள் விறைத்து அவளைச் சுட்டிக்கொண்டு நின்றன.

"அக்கா."

அவள் தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். கதவருகில் ரம்பம், கையில் சின்னக் கண்ணாடிச் சில்லோடு நின்றிருந்தான். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி அதில் ஒட்டியிருந்தான்.

"பயந்துட்டீங்களா? பேயில்லக்கா, நான்தான். பேய்க்கு இந்த ஆபீஸ்ல பர்மனன்ட் வேலை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது." சில்லை நீட்டினான். "கடைசிச் சீவல். பத்திரமா வெச்சுக்குங்க. ஆனா ஒண்ணு, இந்தக் கல்லுக்கு என்னமோ ஆயிருச்சு."

"என்ன ஆச்சு?"

"போன தடவை உதிர்ந்துச்சு. இன்னிக்கு உதிரல. வெண்ணெய அறுத்த மாதிரி இறங்குது. அறுக்கிற கம்பியில கறுப்பா ஈரம். தண்ணி படாமத்தானே அறுக்கிறோம்?" பேச்சை நிறுத்தி, மூக்குக்கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து நிற்கிறவன் நிற்பதுபோல நின்றான். பிறகு போனான். படியேறும் சத்தம் கேட்டது. பாடவில்லை. இந்த வாரம் முழுக்க அவன் பாடவே இல்லை.

நுண்ணோக்கியின் கீழ் சீவலை வைத்தாள். பழைய சீவலில் மணிகள் வண்ணவண்ணமாக, கோயில் விளக்குகள் போல ஒளிர்ந்தது அவளுக்கு மனப்பாடம். இதில் கறுப்பு. தட்டை மெல்ல நகர்த்தினாள். கறுப்பு. ஓரத்தில் ஒரே ஒரு மணி அகப்பட்டது, பாதி கரைந்து, விளிம்பெல்லாம் பச்சைக் களிமண்ணாகி. ஒன்று. இந்தக் கல்லுக்கு இப்போது எண் ஒன்று. தாய்ப்பாறை குளிர்ந்த காலத்தில் நின்றுபோன தண்ணீர், இந்தச் சில நாளில் மறுபடி வேலை செய்திருக்கிறது. எங்கிருந்து வந்த தண்ணீர் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

அந்த ஒரு மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பு நகர்ந்தது. கண் அசதி என்று நினைத்தாள். கண்ணைத் தேய்த்தாள், இமைக்குள் மணல் உரசியது. மறுபடி பார்த்தபோது மணி இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருந்தது.

போய்ச் சொல்லிவிட வேண்டும். இப்போதே.

கழிப்பறையில் ஒத்திகை பார்த்தாள். "சார், நான்தான்." கரகரப்பாக, ஆனால் குரல் வந்தது. "சார், அது நான்தான் சார். தெரியாம..." முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மிக அருகில் நின்று சொன்னாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. வாயைக் குவித்து ஊதினாள். படியவில்லை. இன்னும் நெருங்கி, சிறு வயதில் ஜன்னலில் ஊதிப் படம் வரைவதுபோல, ஹா என்று ஊதினாள். அவள் முகம் துல்லியமாக, பளிச்சென்று, சற்றும் மங்காமல் எதிரே நின்றது.

பெரியவரின் அறை மூன்றாம் மாடியில். அங்கே ஜன்னல் இருந்தது; வெளியே மாலை வெயில், வண்டிகளின் ஹாரன், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். சாதாரண உலகம் அப்படியே இருந்தது.

"என்னம்மா?" அவர் நிமிராமல் கேட்டார்.

வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. பல்லுக்குப் பின்னால் ஏதோ கனமாக, அவளுடையது அல்லாத ஏதோவாகக் கிடந்தது. அவர் நிமிர்ந்தார். அவர் பார்வையில் அவள் முகம் கூசியதும், வேறு வார்த்தைகள் தாமாகவே வந்தன. தெளிவாக, மடமடவென்று.

"கல் இன்னும் கொஞ்சம் பார்க்கணும் சார். எண் மாறலாம்னு தோணுது."

"பாருங்க. அவசரமில்ல." பேனாவை மூடினார். "அந்தப் பையன் போறான் இன்னிக்கு. பாவம்தான். ஆனா சொல்லியிருக்கலாமே அவன்? ஒத்துக்கிட்டா யாரு என்ன பண்ணப்போறா?"

"ஆமா சார்," என்றாள்.

படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை அடைத்தது கல்லா, தன் கோழைத்தனமா? அவளுக்குத் தெரியவில்லை. கல்லாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அழுகை வந்தது. தோள் குலுங்கியது, மூச்சு இழுத்தது, எல்லாம் நடந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை. கன்னத்தைத் துடைத்த கைக்குட்டையில் கறுப்பாகத் தூள் இருந்தது.

கீழ்த்தளத்தில் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பம்பின் முனகல் மட்டும். அவள் அறைக்குள் நுழைந்தபோது அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. ஈரமான சத்தம். தூக்கத்தில் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவது போன்ற சத்தம். மணமும் மாறியிருந்தது. தார் இல்லை, கந்தகம் இல்லை. தலையணை மணம். இரவெல்லாம் வாய் திறந்து தூங்கியவரின் தலையணை.

கண்ணாடிப் பெட்டி முழுக்க உள்ளே ஆவி படர்ந்திருந்தது.

படர்ந்தது. மெல்ல விலகியது. மறுபடி படர்ந்தது.

அவள் தன் மார்பில் கைவைத்துப் பார்த்தாள். ஆவி படரும்போது அவள் மார்பு தாழ்ந்தது. விலகும்போது ஏறியது.

"அக்கா."

அவள் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வாசலில் ரம்பம், தோளில் பையோடு. பையின் வாய் மூடாமல் அவனுடைய தேநீர்க் குவளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிளம்பறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." உள்ளே இரண்டடி வந்தான். இந்த முறை வேடிக்கைப் பேச்சு இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பாடும்போது முகமூடி போட்டிருப்பேன். நீங்க பக்கத்துல உக்காந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கீங்க. அன்னிக்கு அந்த ரூம்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னா பெரியவர் கேட்டிருப்பார்."

அவள் பெட்டியை இன்னும் மறைத்து நின்றாள்.

"வீட்டுல கேக்கறா, நெசமாவே நீங்கதான் துப்பினீங்களான்னு. என் பொண்டாட்டியே கேக்கறாக்கா." குரல் உடைந்தது. "யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணுது. யாரு?"

சொல்லிவிடலாம். அவன் ஒருவன்தான். ஜன்னல்கூட இல்லை. அவன் சிரித்தாலும் சிரிக்கட்டும். அவள் முழு மனசோடு, இந்த வாரத்தில் முதன்முறையாக உண்மையிலேயே முழு மனசோடு, வாயைத் திறந்தாள்.

நாக்கு அசையவில்லை. உதட்டிலிருந்து பொடி உதிர்ந்து அவள் சட்டைமேல் விழுந்தது.

அவன் காத்திருந்தான்.

திறந்த வாயோடு அவள் நின்றாள். மூடவும் முடியவில்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது.

"நான்தான் தம்பி."

அவள் குரல். கரகரப்பு இல்லாமல், ஈரமாக, இத்தனை வருஷத்தில் அவளுக்கே வாய்க்காத அளவு இனிமையாக.

ரம்பத்தின் பார்வை அவள் முகத்திலிருந்து நகர்ந்து தோளுக்கு மேலே, பெட்டிக்குப் போனது. அங்கே நின்றது.

"நான்தான் நக்கினேன். நீ சாப்பிடப் போயிருந்த." சப்புக்கொட்டும் சத்தம். "எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். கூச்சத்துல சிரிச்சேன்னு நினைச்சுக்கிட்டேன். கூச்சமில்ல. நீ மாட்டிக்கிட்டது நிம்மதியா இருந்துச்சு. உன் பாட்டு எனக்குப் பிடிக்காது. நீ போனா இந்த அறை அமைதியா இருக்கும்னு..."

வேண்டாம் என்று கத்தினாள். எதுவும் வரவில்லை. பொடி வந்தது.

குரல் நிற்கவில்லை. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அவள் கணவனிடம் சொல்லாதது, தங்கையிடம் சொல்லாதது, தனக்கே ஒருபோதும் சொல்லிக்கொள்ளாதது என்று எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போனது.

அவன் பை தோளிலிருந்து நழுவியது. குவளை தரையில் உருண்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. மறுபடி அவள் முகத்துக்கு வந்த கண்கள் அவள் வாய்க்குள் போய் அங்கேயே சிக்கிக்கொண்டன.

அவனுடைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் அவள் அதைப் பார்த்தாள். சின்னதாக, தெளிவாக. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் கரிய கல். அதன் பரப்பெங்கும், தண்ணீர் ஒருபோதும் தொட்டிராத, உடையாத, முழு உருண்டையான மணிகள், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டிருந்தன.